10 மீட்டரில் மட்டும் பவர் ஏறாத 811ஏ லீனியர்: வால்வை மாற்றுவதா, டேங்கைத் திருத்துவதா?

லீனியர் என்பது அமெச்சூர் ரேடியோ ட்ரான்ஸீவரின் பவரைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர். 80, 40, 10 மீட்டர் என்பவை அலைநீளத்தால் பெயர் பெற்ற பேண்டுகள். கிரவுண்டட் கிரிட் என்றால் கிரிட்டை எர்த் செய்து, ஃபிலமென்டில் சிக்னல் கொடுப்பது. வாசகர் ஒருவரின் கேள்வி: "இரண்டு 811ஏ வால்வுகளை வைத்து கிரவுண்டட் கிரிட் முறையில் லீனியர் கட்டியிருக்கிறேன். ட்ரான்ஸீவர் 100 வாட். சும்மா இருக்கும்போது பிளேட் வோல்டேஜ் 1700. கீயை அழுத்தினால் 1350-க்கு இறங்குகிறது, பிளேட் கரண்ட் 350 மில்லி ஆம்பியர். 80, 40 மீட்டரில் 280 வாட் வருகிறது. 10 மீட்டரில் 150-ஐத் தாண்டவில்லை. அங்கே ட்யூன் கண்டென்சர் முழுக்கத் திறந்தே நிற்கிறது, வால்வின் பிளேட் சிவக்கிறது. இரண்டு முறை 'டப்' என்ற சத்தத்தோடு ஃபியூஸ் போனது. 572பி வால்வு போட்டு வோல்டேஜை 2400 ஆக்கினால் எல்லாம் சரியாகிவிடுமா?"

ஆகாது. 10 மீட்டரில் பவர் குறைவதற்கு வால்வு காரணமே இல்லை. 10 மீட்டரில் கண்டென்சர் முழுக்கத் திறந்து நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. 2400 வோல்டில் 400 மில்லி ஆம்பியர் ஓட்டினால் உள்ளே போவது 960 வாட், வெளியே ஏறக்குறைய 580 வாட். இப்போதைய 280-ஐவிட அது 3 டெசிபல் சொச்சம் அதிகம். ஒரு எஸ் யூனிட் 6 டெசிபல். ஆக மறுமுனையில் கேட்பவரின் மீட்டரில் அரை எஸ் யூனிட் ஏறும். இதற்காக ட்ரான்ஸ்ஃபார்மர், ஃபில்டர் கண்டென்சர்கள், டேங்க் (வால்வின் அவுட்புட்டில் உள்ள காயில்-கண்டென்சர் ட்யூனிங் சுற்று), பயாஸ் (வால்வின் ஓய்வுக் கரண்டை அமைக்கும் வோல்டேஜ்) எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும். ஆனால் இருக்கிற வால்வுகளோடு 10 மீட்டரில் 150 வாட்டை 280 ஆக்கினாலே 2.7 டெசிபல் கிடைத்துவிடும். அதற்குத் தேவை கொஞ்சம் செம்புக் குழாய், ஒரு சாலிடரிங் அயர்ன், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

ஏன் 10 மீட்டரில் மட்டும்? 1350 வோல்ட், 350 மில்லி ஆம்பியர் என்றால், ஏபி வகுப்புக்கு உரிய தோராயமான வாய்ப்பாட்டில் வால்வுகள் பார்க்க விரும்பும் லோடு சுமார் 2400 ஓம். டேங்க் இங்கே ஒரு பை நெட்வொர்க், அதாவது ஒரு காயில், அதன் இரு பக்கமும் ட்யூன், லோடு கண்டென்சர்கள். அதன் க்யூ (டேங்கில் சுற்றிவரும் சக்திக்கும் வெளியே போகும் சக்திக்கும் உள்ள விகிதம்) 12 என்று வைத்தால் ட்யூன் பக்கத்தில் ரியாக்டன்ஸ் 200 ஓம் வேண்டும். 3.6 மெகாஹெர்ட்ஸில் அது 220 பிக்கோ ஃபாரட். 7.1-ல் 112. 28.5-ல் வெறும் 28.

இப்போது உங்கள் பெட்டியில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். 811ஏ ஒன்றின் பிளேட்டுக்கும் கிரிட்டுக்கும் இடையே 5.6 பிக்கோ ஃபாரட். இரண்டு வால்வுக்கும் 11-க்கு மேல். பெரிய காற்று வேரியபிள் கண்டென்சரை முழுக்கத் திறந்தாலும் 20 பக்கம் மிச்சம் இருக்கும். வயரிங், பிளேட் சோக், சேஸிஸ் எல்லாம் சேர்ந்து இன்னொரு 10, 15. மொத்தம் 45 ஆகிவிடுகிறது. நீங்கள் கண்டென்சரைத் தொடுவதற்கு முன்பே 28 தாண்டிப் போயிற்று. க்யூ 19-க்கு மேல் ஏறுகிறது, காயிலில் சுற்றிவரும் கரண்ட் எகிறுகிறது, பவர் ஆன்டெனாவுக்குப் போகாமல் காயிலைச் சூடாக்குகிறது. இது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கம், க்யூ 12-க்குக் கணக்குப் போட்ட காயிலின் 10 மீட்டர் டேப் சுமார் 1.25 மைக்ரோ ஹென்றியில் இருக்கும். 45 பிக்கோ ஃபாரட்டோடு சேர வேண்டுமானால் 0.8 போதும். இருப்பது அதிகம், அதனால் டேங்க் ரெசனன்ஸுக்கே வருவதில்லை. டிப் (ரெசனன்ஸில் பிளேட் கரண்ட் சட்டென இறங்குவது) வருவதற்குள் கண்டென்சர் முடிந்துவிடுகிறது. ரெசனன்ஸில் இல்லாத டேங்க் வால்விடமிருந்து பவரை வாங்காது. வாங்காத பவர் பிளேட்டில் சூடாக நிற்கும். உள்ளே 470 வாட், வெளியே 150. மிச்சம் 320 வாட்டில் பெரும்பகுதி அந்த இரண்டு பிளேட்டுகளின் தலையில். 811ஏ-யின் பிளேட் தாங்குவது 65 வாட்.

சிவப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 3-500இசட் வால்வின் பிளேட் வேலை செய்யும்போது மங்கலாகச் சிவப்பது இயல்பு. அந்த வால்வை அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அதைப் பார்த்துப் பழகியவர்கள் 811ஏ-யிலும் "கொஞ்சம் சிவந்தால் பரவாயில்லை" என்பார்கள். கேட்காதீர்கள். 811ஏ-யில் நிறம் தெரிந்தாலே அளவு மீறிவிட்டது என்று பொருள். 40 மீட்டரில்கூட நீங்கள் கீயை அழுத்தியபடி இருந்தால் 190 வாட் வீணாகிறது, இரண்டு வால்வும் சேர்ந்து தாங்கும் 130-ஐவிட அதிகம். எஸ்எஸ்பி பேச்சில் சராசரி குறைவு என்பதால் தப்பிக்கிறது. ட்யூன் செய்ய ஐந்து விநாடிக்கு மேல் எடுக்கக் கூடாது.

சரி, கையை உள்ளே விடும் முன் இதைச் செய்யுங்கள். பிளக்கைப் பிடுங்கி, ஒயர் கண்ணெதிரே இருக்கும்படி வையுங்கள். ஃபில்டர் வரிசையில் 45 மைக்ரோ ஃபாரட் இருந்தால் 1700 வோல்டில் 65 ஜூல் தேங்கி நிற்கும். இதயத்தை நிறுத்த அது தாராளம். ஒவ்வொரு கண்டென்சரின் குறுக்கேயும் 100 கிலோ ஓம் ப்ளீடர் (சார்ஜை வடித்துவிடும் ரெசிஸ்டர்) இருந்து, கண்டென்சர் 270 மைக்ரோ ஃபாரட் என்றால், 60 வோல்டுக்கு இறங்கவே ஒன்றரை நிமிடம் ஆகும். அதுவும் ப்ளீடர் நல்லபடி இருந்தால்தான். ஒரு ப்ளீடர் அறுந்தாலும் அந்தக் கண்டென்சர் சார்ஜைப் பிடித்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். அதனால் மீட்டரை நம்பி நிறுத்தாமல், இன்சுலேட்டட் கைப்பிடியுள்ள கம்பியால் ரெசிஸ்டர் வழியாக டிஸ்சார்ஜ் செய்து, அப்புறம் பிளேட் லைனைச் சேஸிஸோடு கிளிப் போட்டு இணைத்து, அந்தக் கிளிப் இருக்கும்போதே வேலை பாருங்கள். தனியாக இருக்கும்போது இந்த வேலை வேண்டாம்.

டேங்கைத் திருத்த இரண்டு வழி. எளிய வழி, 10 மீட்டர் பகுதிக்குத் தனிக் காயில் சுற்றுவது. 6 மில்லி மீட்டர் செம்புக் குழாயில் 0.8 மைக்ரோ ஹென்றி அளவுக்குச் சுற்றி, மற்ற காயிலுக்குச் செங்குத்தாக வைத்துத் தொடரில் இணையுங்கள். சுற்றுகளை இழுத்தும் நெருக்கியும் பார்த்து, 28.5-ல் டிப் வரும்போது கண்டென்சர் முழுக்கத் திறந்த நிலையிலிருந்து கொஞ்சம் உள்ளே வந்திருக்கும்படி அமையுங்கள். க்யூ 19-தான், ஆனாலும் குழாய் தடிமனாக இருப்பதால் இழப்பு சமாளிக்கக்கூடிய அளவில் நிற்கும். இரண்டாவது வழி, பிளாக்கிங் கண்டென்சருக்கும் (பிளேட்டின் டிசியைத் தடுப்பது) ட்யூன் கண்டென்சருக்கும் நடுவே இரண்டு மூன்று சுற்றுள்ள சிறு காயிலைப் போடுவது. ட்யூன் கண்டென்சரின் மிச்சக் கபாசிட்டன்ஸ் அப்போது வால்வின் மேல் நேரடியாக உட்காராது. கைக்கு வேக்குவம் வேரியபிள் கண்டென்சர் கிடைத்தால் இன்னும் நல்லது, அதன் குறைந்தபட்ச அளவு மிகச் சிறியது. ஆனால் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை, முதல் வழியே போதும் என்பது என் கருத்து.

இப்போது அந்த 'டப்'. ஃபியூஸை இரண்டு முறை பறித்தது விஎச்எஃப் பாரசிடிக் அலைவாக (30 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வால்வு தானாகவே அலைவது) இருக்கலாம், தூசியால் வந்த ஆர்க்காக இருக்கலாம், வால்வுக்குள் வாயு கசிந்திருக்கலாம். பிளேட் கேப்பில் இருக்கும் சப்ரெஸரை (அந்த அலைவை அடக்கும் ரெசிஸ்டர்-காயில் ஜோடி) கழற்றிப் பாருங்கள். ரெசிஸ்டரின் பெயின்ட் கருகி, காயிலைப் பிரித்து அளக்கும்போது ஓம் மீட்டரில் 50 காட்ட வேண்டியது 80, 90 காட்டினால் அது பாரசிடிக்கைத் தாங்கிச் செத்திருக்கலாம், அல்லது அதன் மேல் சுற்றிய காயிலில் சுற்று அதிகமாகி 28 மெகாஹெர்ட்ஸ் பவரையே அது குடித்திருக்கலாம். மூன்று 150 ஓம் 2 வாட் மெட்டல் ஆக்ஸைடு ரெசிஸ்டர்களைப் பக்கவாட்டில் (பேரலலாக) சேர்த்தால் 50 ஓம்; அதன் மேல் மூன்று சுற்று. வயர்வவுண்ட் ரெசிஸ்டர் இங்கே கூடவே கூடாது, அதுவே ஒரு காயில்.

கிரிட்டைப் பாருங்கள். 3-500இசட் வால்வில் கிரிட்டுக்கு மூன்று பின்கள், 811ஏ-யில் ஒன்றே ஒன்று. அந்த ஒரு பின் சேஸிஸுக்குப் போகும் வழி நீளமாக இருந்தால், எர்த்தில் இருக்க வேண்டிய கிரிட் உயர் அதிர்வெண்ணில் மிதக்கத் தொடங்கும். ஒயர் வேண்டாம், அகலமான செம்புத் தகடு, எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு. இந்த வால்வைப் பற்றிய குறைகளில் பாதி இந்த ஒரு அங்குலத்தில்தான் பிறக்கிறது.

எப்படியும் பிளேட் சப்ளை லைனில் 25 ஓம், 25 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் போடுங்கள். அடுத்த முறை ஆர்க் வந்தால் ஷார்ட் கரண்ட் 68 ஆம்பியரைத் தாண்டாது. வேலை செய்யும்போது இழப்பதோ 9 வோல்டுக்கும் குறைவு. மீட்டர்களின் ஷண்ட் குறுக்கே 1என்5408 டயோடுகளும் வேண்டும். இல்லாவிட்டால் ஒரு ஆர்க், ஒரு மீட்டர்.

1700-லிருந்து 1350, அதாவது 20 சதவீத இறக்கம். இது அதிகம். கீ அழுத்தியபடி லீனியரின் பிளக்கில் மெயின்ஸ் வோல்டேஜ் எத்தனை சதவீதம் இறங்குகிறது என்று பாருங்கள். அங்கேயே 5 சதவீதம் போனால் வீட்டு வயரிங்கைக் கவனிக்க வேண்டும். தனி லைன் இழுக்கலாம். அங்கே 1, 2 சதவீதம்தான் என்றால் மிச்சம் ட்ரான்ஸ்ஃபார்மரிலும் ஃபில்டரிலும். பழைய எலக்ட்ரோலிடிக்குகள் காய்ந்திருந்தால் 450 வோல்ட், 270 மைக்ரோ ஃபாரட் ஆறைத் தொடரில் போடுங்கள். ஒவ்வொன்றின் மேலும் 283 வோல்ட்தான் வரும், நிம்மதியாக இருக்கும். நான்கில் முடிக்கப் பார்க்காதீர்கள். 425 வோல்ட் என்பது விளிம்பு. கண்டென்சர் பெரிதானால் ஆன் செய்யும் கணத்தின் பாய்ச்சலும் பெரிதாகும் என்பதால், பிரைமரியில் தொடர் ரெசிஸ்டர் போட்டு இரண்டு மூன்று விநாடியில் ரிலே மூலம் அதை நீக்கும் சாஃப்ட் ஸ்டார்ட் அவசியம்.

இன்புட் பக்கம் நேரடியாக ஃபிலமென்டில் கொடுத்திருந்தால் ஒரு சோதனை: ட்ரான்ஸீவருக்கும் லீனியருக்கும் நடுவே உள்ள கேபிளை இரண்டு மீட்டர் நீட்டிப் பாருங்கள். அவுட்புட் மாறினால் ஒவ்வொரு பேண்டுக்கும் க்யூ 2 அளவில் ட்யூன்ட் இன்புட் வேண்டும். வால்வு சைக்கிளின் ஒரு பாதியில் மட்டும்தான் கரண்ட் இழுக்கிறது. அந்தச் சிறு டேங்க் மற்றப் பாதியையும் சமன்செய்யும், ட்ரைவும் (வால்வுக்குள் போகும் ட்ரான்ஸீவர் பவர்) ஏறும், குரலும் சுத்தமாகும்.

ஃபிலமென்ட் வோல்டேஜை வால்வின் பின்னிலேயே அளந்து பாருங்கள், ட்ரான்ஸ்ஃபார்மரில் அல்ல. இரண்டு வால்வுக்கும் 8 ஆம்பியர் போகிறது. சோக்கிலும் சாக்கெட்டிலும் சேர்ந்து 0.05 ஓம் இருந்தாலே 0.4 வோல்ட் காணாமல் போகும். 6.0-க்கும் 6.6-க்கும் நடுவே இருக்க வேண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகு, டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் ரெசிஸ்டர்), குறைந்த ட்ரைவில் தொடங்குங்கள். கிரிட் கரண்ட் திடீரென ஏறினால் லோடு போதவில்லை. பிளேட் கரண்ட் நிறைய, அவுட்புட் கொஞ்சம் என்றால் லோடு அதிகம் அல்லது ட்யூன் தவறு. பிளேட்டைப் பார்த்துக்கொண்டே ஏற்றுங்கள்.

572பி? தாராளமாகப் போடலாம், ஆனால் வோல்டேஜை ஏற்றுவதற்காக அல்ல. ஃபிலமென்ட் அதே 6.3 வோல்ட் 4 ஆம்பியர், அதே சாக்கெட். பிளேட் 160 வாட் தாங்கும். இருக்கிற சப்ளையில் பவர் பெரிதாக ஏறாது, ஆனால் ட்யூன் செய்யும்போது ஏற்படும் சிறு தவறுகளை மன்னிக்கும். சிடபிள்யூ (மோர்ஸ்) அதிகம் செய்பவர் என்றால் அதற்காகவே மாற்றலாம். வால்வை மாற்றினால் கபாசிட்டன்ஸும் கொஞ்சம் மாறும், 10 மீட்டர் காயிலை மறுபடி இழுத்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும். அதனால் எந்த வால்வு என்று முடிவெடுத்துவிட்டு அப்புறம் செம்புக் குழாயை வளையுங்கள்.