அம்மாவின் அந்த ஒரு சொல்லைத் தட்டிக்கழிக்காதீர்கள்

மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ மருந்து ஏற்றும் அம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அவருக்குச் சீனி கொடுக்கலாமா என்ற கதையை முதலில் முடித்துவிடுவோம். பிளேன்டீயில் ஒரு கரண்டி சீனி போட்டதற்காகப் புற்றுநோய் வளராது. அம்மா விரும்பிக் குடிப்பது அது ஒன்றுதான் என்றால் தாராளமாகப் போட்டுக் கொடுங்கள். கொட்டிய முடி, கீமோ முடிந்து சில மாதங்களில் அநேகமாக வந்துவிடும். யூடியூப் பார்த்துக் காய்ச்சும் மஞ்சள் கஷாயத்தை இன்றே நிறுத்துங்கள்.

இவ்வளவையும் விரிவாக எழுதிவிட்டு, முக்கியமானதைக் கடிதத்தின் அடியில் ஒரு வரியில் சொல்லியிருக்கிறீர்கள். மூன்றாவது கீமோவுக்குப் பிறகு அம்மா, "நான் போயிட்டா உங்களுக்கெல்லாம் நிம்மதி" என்று இரண்டு தரம் சொல்லியிருக்கிறார். நீங்களும் மாமியும், "அப்படியெல்லாம் கதைக்காதேங்கோ, தைரியமா இருங்கோ" என்று பேச்சை மாற்றிவிட்டீர்கள். கொழும்பு வெள்ளவத்தையில் எந்த வீட்டிலும் இதுதான் நடக்கும். அதோடு அம்மாவும் வாயை மூடிக்கொண்டார், இல்லையா?

கீமோ அலுப்பு வேறு, இது வேறு. அலுத்துப்போனவர் படுத்துக்கிடந்தாலும் கனடாவிலிருந்து பேரன் வீடியோவில் வந்தால் எட்டிப் பார்ப்பார். உங்கள் அம்மா போனைத் தள்ளிவிடுகிறார், விடிய மூன்று மணிக்கே விழித்து உட்கார்ந்திருக்கிறார். வாந்திக்குக் கீமோவோடு கொடுக்கும் ஸ்டீராய்டும் சில நாள் தூக்கத்தைக் கெடுக்கும், மனதையும் குழப்பும். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது மூன்று கிழமையாக நடக்கிறது. மனச்சோர்வா என்று பார்த்தே ஆகவேண்டும். அது புற்றுநோயோடு வந்தாலும் குணப்படுத்தக்கூடியதுதான்.

இன்றிரவு தனியாகப் பக்கத்தில் இருந்து நேரடியாகக் கேளுங்கள்: "அம்மா, உயிரோட இருக்க வேண்டாம் எண்டு நினைக்கிறீங்களா? ஏதாவது செய்துகொள்ள யோசிச்சீங்களா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பதில் வரும்வரை பேசாமல் இருங்கள். ஆம் என்றாலோ, மழுப்பினாலோ தனியே விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். அவர் என்ன சொன்னாலும் சரி, வீட்டிலுள்ள மாத்திரைகள் எல்லாம் இனி உங்கள் பொறுப்பில் இருக்கட்டும்.

அப்புறம், உங்கள் அண்ணா பாமசியில் டொக்டரின் துண்டு இல்லாமல் வாங்கிவந்த நித்திரை மாத்திரை. அம்மாவுக்குச் சொல்லாமல் பாலில் கரைத்துக் கொடுக்கிறீர்களாம்! யார் சொன்ன வைத்தியம் இது? இனிக் கொடுக்க வேண்டாம். அந்த அட்டையை அப்படியே டொக்டரிடம் காட்டுங்கள். மனச்சோர்வு மாத்திரையும் இப்படி வாங்கத் துணியாதீர்கள். மார்பகப் புற்றுநோய் திரும்பாமலிருக்கப் பிறகு டமொக்சிபென் என்ற மாத்திரையை எழுதினால், மனச்சோர்வு மாத்திரைகளில் சில அதன் பலனைக் குறைத்துவிடும். எதைக் கொடுப்பது என்று பார்த்து எழுத டொக்டர் இருக்கிறார்.

இன்றிரவு கேட்கும் கேள்விக்கு அம்மா "இல்லை" என்று சொன்னாலும் அடுத்த கிளினிக் வரை காத்திருக்க வேண்டாம். இந்தக் கிழமையே மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய், கீமோ எழுதும் டொக்டரிடம் அம்மா சொன்னதை அதே வார்த்தையில் சொல்லுங்கள். மனநல மருத்துவரிடம் அனுப்பச் சொல்லியும் கேளுங்கள். பேச்சை மாற்றும் மாமியை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.