மூன்றடி உயரத்தில் நிற்கும் ஹெலிகாப்டர் எப்படிக் கவிழும்?

கேள்வி: என் தம்பி ஹெலிகாப்டர் பயிற்சியில் சேரப் போகிறான். தரைக்கு மூன்றடி மேலே அசையாமல் நிறுத்திப் பழகுவதுதான் ஆரம்பத்தில் கஷ்டமான பாடமாம். அவ்வளவு தாழ்வில் அப்படி என்ன விபத்து நடந்துவிடும்?

பதில்: நடக்கும். தரை பக்கத்தில் இருப்பதுதான் அங்கே பிரச்சினையே.

நான் பெங்களூரில் ஹெலிகாப்டர் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன், வீடு முருகேஷ்பாளையா. முன்பு வேலை பார்த்த ஒரு பயிற்சி நிறுவனத்தில் (பெயர் வேண்டாம்) கண்ணெதிரே ஒரு மெஷின் இப்படிக் கவிழ்ந்தது.

வலது கையில் சைக்ளிக் (முன்பின்னும் பக்கவாட்டிலும் நகர்த்தும் தண்டு), இடது கையில் கலெக்டிவ் (மேலே ஏற்றி இறக்கும் தண்டு), காலில் பெடல் (மூக்கைத் திருப்ப). ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டையும் சரிக்கட்ட வேண்டும். சைக்ளிக்கைத் தள்ளியதும் மெஷின் உடனே நகராது, சற்றே தாமதித்துத்தான் நகரும். புதுப் பையன் நகரவில்லையே என்று இன்னும் கொஞ்சம் தள்ளுவான், அதற்குள் அது மொத்தமாகக் கிளம்பிவிடும், பதறிப்போய் எதிர்ப்பக்கம் இழுப்பான், இப்படியே ஆட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். கூடவே, அமெரிக்க வகை மெஷின்களில் வால் விசிறி தள்ளும் தள்ளலில் உடம்பு வலப்பக்கமாக நழுவப் பார்க்கும். (நம் சேட்டக் ஹெலிகாப்டரில் மேலே சுற்றும் இறக்கை எதிர்த்திசையில் சுற்றுவதால் இதுவும் தலைகீழ்.)

அன்றைக்கும் வலப்பக்கம்தான் நழுவியது. நழுவிய வேகத்தில் வலது ஸ்கிட், அதாவது அடியில் இருக்கும் சறுக்குக் கட்டை, புல்லுக்குள் மறைந்திருந்த மண் வரப்பில் மாட்டியது. பைக் முன்சக்கரம் தார் ரோட்டு விளிம்பில் மாட்டினால் என்ன ஆகுமோ, அதுவேதான். அந்தரத்தில் இருக்கும்வரை மெஷின் தன் எடை மையத்தைச் சுற்றிச் சாயும், சாய்ந்தாலும் திருப்பிவிடலாம். ஸ்கிட் மாட்டியதும் அந்த இடமே கீல் ஆகிவிடுகிறது, மேலே இறக்கை தூக்கும் விசை முழுக்கச் சேர்ந்து மெஷினைப் புரட்டுகிறது. இதைத்தான் டைனமிக் ரோல்ஓவர் என்கிறார்கள். இறக்கையின் தூக்கல் இல்லாமல் சும்மா நிற்கும் மெஷினைக் கவிழ்க்க 30 டிகிரி போலச் சாய்க்க வேண்டும். தூக்கலோடு சாயும்போது 5 முதல் 8 டிகிரி தாண்டினாலே போதும், அப்புறம் சைக்ளிக்கை எதிர்ப்பக்கம் முழுக்கத் தள்ளினாலும் மீளாது.

தப்பிக்க ஒரே வழி கலெக்டிவ்வை நிதானமாக இறக்குவது. ஆனால் தரை நெருங்குகிறது என்று பயந்தவன் கை மேலேதான் இழுக்கும், இழுத்தால் தூக்கல் கூடும், இன்னும் வேகமாகப் புரளும். பையன் இழுத்தான். இன்ஸ்ட்ரக்டர் கை போவதற்குள் கதை முடிந்துவிட்டது, மொத்தமே இரண்டு நொடி இருக்கும்.

இறக்கை தரையில் அடித்த சத்தம் ஹேங்கருக்குள் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் ஒரு முழ நீளத்துக்கு ஸ்கிட் மண்ணை உழுத தடம், அதற்கு அந்தப் பக்கம் மெஷின் ஒருக்களித்துக் கிடக்கிறது, வால் பூம் பாதியில் துண்டாகியிருக்கிறது. உள்ளே இன்ஸ்ட்ரக்டர், சேலத்துக்காரர், பெல்ட்டில் தொங்கியபடியே, "தம்பி, எல்லாம் நிக்கட்டும், அதுவரைக்கும் பெல்ட்டைக் கழட்டாதே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் சிராய்ப்போடு போயிற்று.

மறுநாள் அக்கம்பக்கத்தில் எல்லாரும் சொன்னது "மெஷின் கோளாறாம்". விசாரணைக்கு வந்தவர்களும் எங்கள் லாக் புக்கையும் எரிபொருள் சாம்பிளையும்தான் முதலில் சீல் வைத்து எடுத்துப் போனார்கள். அது முறைதான், ஆனாலும் பராமரிப்புக்காரனுக்கு வயிறு கலங்கும்.

இன்னொன்று, பெங்களூர் சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்று மெலிவு, அதனால் சின்ன பிஸ்டன் என்ஜினுக்கு கடல் மட்டத்தில் கிடைக்கும் சக்தியில் பத்தில் ஒரு பங்கு போல இங்கே குறையும். ஏப்ரல் மத்தியானத்தில் இன்னும் மோசம். அதனால்தான் காலையிலேயே ஹோவர், அதாவது அந்தரத்தில் அசையாமல் நிறுத்துவதைப் பழக்குவார்கள், காற்றும் அப்போது அமைதியாக இருக்கும்.

தம்பி சேருமுன் ஒருமுறை நேரில் போய், ஹோவர் பழகும் இடத்தை நடந்து பார்க்கச் சொல்லுங்கள். வெட்டாத புல், வரப்பு, மழை ஈரத்தில் பதிந்து காய்ந்த சக்கரத் தடம் எதுவும் இருக்கக் கூடாது. முதல் நாட்களில் இன்ஸ்ட்ரக்டர் மூன்று கட்டுப்பாட்டையும் ஒரேயடியாகக் கையில் கொடுப்பாரா, இல்லை முதலில் பெடல் மட்டும், பிறகு கலெக்டிவ், கடைசியில் சைக்ளிக் என்று ஒவ்வொன்றாகக் கொடுப்பாரா என்றும் கேட்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றாகக் கொடுப்பவரிடம் சேரலாம்.