கேட்டால் எண்ணம் வந்துவிடுமா?

மனநலம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த என் கணவர், கதவுத் தாழ்ப்பாளை நான்கு முறை சரிபார்த்த பிறகும் இரவில் உறங்குவதில்லை, காற்றில் சன்னல் அடித்துக்கொண்டாலே திடுக்கிட்டு எழுந்துவிடுகிறார். சென்ற வாரம், "நான் இல்லாவிட்டால் உங்களுக்குப் பாரம் குறையும்" என்றார். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று அவரிடம் நேராகக் கேட்கலாமா? கேட்டால், இல்லாத எண்ணத்தை நானே விதைத்ததாக ஆகிவிடாதா? – ஒரு வாசகி

பதில்: கேளுங்கள், இன்றே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அடக்கி வைத்திருந்ததைச் சொல்லிவிட்டதில் பலருக்கு ஆறுதலே கிடைக்கிறது. ஆனால், "தப்பாக எதுவும் நினைக்கவில்லையே?" என்று கேட்டால், "இல்லை" என்ற பதிலை நாமே எடுத்துக் கொடுத்தது போலாகும். "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று பதறாத குரலில் கேளுங்கள். "ஆம்" என்றால் வாதாட வேண்டாம். "பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள்" என்ற அறிவுரை, தம்மையே பாரமாக எண்ணுபவரின் காதில் இன்னொரு குற்றச்சாட்டாகத்தான் விழும். எப்படி, எப்போது என்று திட்டமிடும் அளவுக்குப் போயிருந்தால், அவரைத் தனியே விடாமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

வீட்டில் துப்பாக்கியோ மிகுதியான மருந்துகளோ இருந்தால், சிறிது காலத்துக்கு அவற்றை வெளியே அப்புறப்படுத்துங்கள். தீவிரமான உந்துதல் பெரும்பாலும் நெடுநேரம் நீடிப்பதில்லை. அந்த நேரத்தில் கைக்கு எதுவும் எட்டாதிருப்பதே பல உயிர்களைக் காக்கிறது. இலங்கையில் கொடிய பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடைசெய்த பின், தற்கொலை விகிதம் 1995இல் இருந்ததைவிட ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது.

உறக்கமின்மையும் திடுக்கிடலும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறாக இருக்கலாம். அதை மனநல மருத்துவர்தான் உறுதிசெய்ய வேண்டும். முதல் உலகப் போரில் இத்தகைய வீரர்கள் பலரைக் கோழைகள் என்று இகழ்ந்தார்கள். இந்நோய் அப்பெயரில் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இடம்பெற 1980 வரை காத்திருக்க நேர்ந்தது. இன்று இதற்குப் பயனுள்ள பேச்சுவழிச் சிகிச்சைகள் இருக்கின்றன. இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள்: சீருடையோடு பதவி, தோழர்கள், விடிந்ததும் செய்வதற்கென்று இருந்த கடமை எல்லாம் ஒரே நாளில் அவரை விட்டுப் போயிருக்கின்றன. ஆகவே, முன்னாள் வீரர்கள் கூடிப் பேசும் குழு இருந்தால் அதையும் அவருக்குத் தெரியப்படுத்துங்கள்.

கேள்வி: கல்லூரித் தோழி தற்கொலை எண்ணம் இருப்பதாக என்னிடம் சொல்லி, யாரிடமும் சொல்லக் கூடாதென்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். நான் என்ன செய்வது? – ஒரு மாணவி

பதில்: அந்தச் சத்தியத்தை மீறிவிடுங்கள். அவள் கோபித்துக்கொள்ளலாம்; கோபம் தணியக் காலம் இருக்கிறது. நம்பகமான பெரியவர் ஒருவரிடம், முடிந்தால் அவளையும் உடன் வைத்துக்கொண்டே, இன்றே சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கணக்கின்படி, 15 முதல் 29 வயதினரின் இறப்புக்கு மூன்றாவது பெரிய காரணம் தற்கொலை. உங்கள் வயதில் ஒருவர் தனியே சுமக்கக்கூடிய இரகசியம் அன்று இது. பல நாடுகளில் உதவி எண்கள் உள்ளன: இந்தியாவில் 14416, அமெரிக்காவில் 988, அதில் 1ஐ அழுத்தினால் முன்னாள் படைவீரர்களுக்கான பிரிவு. தோழியைப் பற்றிக் கவலைப்படும் நீங்களும் அழைக்கலாம்.

சிகிச்சைக்குச் சென்று திரும்பிய முதல் சில வாரங்கள் ஆபத்து மிகுந்தவை. எல்லோரும் "சரியாகிவிட்டது" என்று விலகிவிடுவதும் அப்போதுதான். ஜெரோம் மோட்டோ என்ற அமெரிக்க மனநல மருத்துவர், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபின் சிகிச்சையைத் தொடராதவர்களில் ஒரு பகுதியினருக்கு, பதில் எதிர்பார்க்காத சில வரிக் கடிதங்களை ஆண்டுக்கணக்கில் அனுப்பினார்; கடிதம் பெற்றவர்களிடையே முதல் 2 ஆண்டுகளில் தற்கொலை குறைவாக இருந்தது. இரண்டாம் உலகப் போரில் பணியாற்றியபோது தமக்கு வந்த கடிதங்கள் தந்த தெம்பிலிருந்தே அவருக்கு இந்த யோசனை பிறந்தது. உங்களிடம் கைப்பேசி இருக்கிறது. "உன் நினைவு வந்தது, பதில் எழுத வேண்டியதில்லை" என்று அவ்வப்போது இரண்டு வரி அனுப்பிக்கொண்டிருங்கள்.