பிச்சைக்கு உதவாத கை

அன்புள்ள சார்,

நாகர்கோவிலில் எட்டு வருடமாக நர்ஸாக இருக்கிறேன். ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஒரு வருடம் வேலை செய்ய எங்கள் சபை மூலமாக வாய்ப்பு வந்திருக்கிறது. இப்படிப் போய்ச் சேவை செய்ய வேண்டும் என்ற பாரம் சின்ன வயதிலிருந்தே எனக்கு உண்டு. அக்கா, "இங்கே இல்லாத நோயாளியா அங்கே?" என்கிறாள். கூட வேலை பார்க்கிறவர்கள், "போட்டோ போடத்தானே போறே" என்று சிரிக்கிறார்கள். போகலாமா? போவதென்றால் எதைக் கற்றுக்கொண்டு போக வேண்டும்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

போகலாமா என்பது உங்கள் வீட்டு விஷயம். ஒன்று மட்டும் சொல்கிறேன். நீங்கள் சம்பளத்துக்காக சவூதி போவதாக இருந்தால் அக்கா இதைக் கேட்டிருக்க மாட்டார்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். டாக்டர் பால் பிராண்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1914இல் மிஷனரி பெற்றோருக்குக் கொல்லிமலையில் பிறந்தவர். லண்டனில் முதலில் கட்டட வேலை கற்றார், அப்புறம்தான் மருத்துவம். 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வந்தார். தொழுநோயில் விரல் அழுகி விழுகிறது என்று எல்லாரும் நம்பிய காலம். நரம்பு செத்து வலி தெரியாமல் போவதுதான் காரணம் என்று அவர் கண்டார். கொதிக்கிற பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குவார்கள், சுடுவதே தெரியாது. சிலருக்கு ராத்திரியோடு ராத்திரியாக விரலில் ஒரு துண்டு காணாமல் போனது. கண்விழித்துக் காவல் இருந்து பார்த்தால், எலி கடித்துக்கொண்டிருந்தது. மருந்து? ஆளுக்கொரு பூனை!

மடங்கிப்போன விரல்களை, நல்ல தசைநார்களை மாற்றித் தைத்து நிமிர்த்தினார். குணமாகிப் போனவர்களில் ஒருவர் திரும்பி வந்து, இந்தக் கை பிச்சைக்கு உதவவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டாராம். மடங்கிய கையைப் பார்த்துக் காசு போட்டவர்கள் நிமிர்ந்த கைக்குப் போடவில்லை. தொழுநோய் வந்தவர் என்று வேலையும் யாரும் கொடுக்கவில்லை. ஆபரேஷன் வெற்றி, ஆனால் சாப்பாட்டுக்கு வழியில்லை.

நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது இந்த இடத்தைத்தான். 'நன்றி கெட்டவன்' என்று அந்த ஆளை அனுப்பிவிட்டிருக்கலாம். பிராண்ட் அனுப்பவில்லை. ஆஸ்பத்திரி வளாகத்திலேயே குடிசைகள் போட்டு, மரவேலை கற்றுக்கொடுத்து, பொம்மை செய்ய வைத்தார். நவஜீவ நிலையம் அப்படித்தான் வந்தது. வீணாய்ப் போனது என்று அவர் நினைத்திருந்த கட்டட வேலைப் படிப்பு அங்கே கைகொடுத்தது. இதையெல்லாம் இங்கிருந்தே படித்துக்கொண்டு போக முடியாது. நோயாளிதான் சொல்லித்தர வேண்டும். உங்கள் முகத்துக்கு நேராகக் குறை சொல்லும் அளவுக்கு அவருக்கு உங்களிடம் உரிமை இருக்க வேண்டும்.

பின்னாளில் பிஷப் ஆன நம் வெள்ளாளன்விளை அசரியா 1910இல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் கேட்டதும் இதுதான். பொருளைக் கொடுத்தீர்கள், உடம்பையே கொடுத்தீர்கள், இனி எங்களுக்கு நண்பர்களைக் கொடுங்கள் என்றார். பெரும்பாலும் வெள்ளைக்கார மிஷனரிகள் உட்கார்ந்திருந்த சபை அது. சிலருக்குச் சுருக்கென்றுதான் இருந்திருக்கும். பேசியதோடு நின்றவரும் அல்ல அவர். அதற்கு முந்தைய ஆண்டே தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லுக்கு மிஷனரியாகப் போய், அந்த மொழியைக் கற்றுக்கொண்டிருந்தார்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வயதில் சபை வாலிபர்களோடு நேபாளத்தில் ஒரு மலைக்கிராமத்துக்குப் பத்து நாள் போய், பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடித்தோம். தண்ணீர் கீழே ஊற்றில். ஏற்றம் ஏறிக் குடம் குடமாகச் சுமந்து வந்தது அந்த ஊர்ப் பெண்கள். நாலாம் நாள்தான் எண்ணிப் பார்த்தேன், எங்கள் பிரஷ்களைக் கழுவ மட்டும் ஆறு குடம் போயிருந்தது. அந்தச் சுவரை எங்களைவிட நன்றாக அடிக்கக்கூடியவர்கள் அந்த ஊரிலேயே இருந்தார்கள் என்பதையும் அப்புறம்தான் கவனித்தேன்.

நீங்கள் தொழில் தெரிந்தவர், அந்தக் கவலை இல்லை. மலாவியில் பேசும் சிச்சேவா மொழியை இப்போதே ஆரம்பியுங்கள். 'எங்கே வலிக்கிறது' என்று கேட்டால் போதாது, வருகிற பதிலும் புரிய வேண்டும். அங்குள்ள நர்ஸ்களில் மூத்தவர் ஒருவரைப் பிடித்துக்கொண்டு, முதல் இரண்டு மாதம் நைட் டூட்டியை அவர்கூடவே கேட்டு வாங்குங்கள். வீட்டுக்குக் கூப்பிட்டால் போங்கள். சோளமாவில் கிண்டிய ன்சிமா வைப்பார்கள், நம் களிதான், கையால் உருட்டித்தான் சாப்பிட வேண்டும். போட்டோ எடுப்பதாக இருந்தால், உங்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்தவரோடு எடுத்து, அவர் சம்மதித்தால் போடுங்கள்.

போய்ச் சேர்ந்ததும் எழுதுங்கள். அந்தக் களிக்கு என்ன தொட்டுக்கொள்ளத் தந்தார்கள் என்பதையும் சேர்த்து.