இன்லைன் ஹாக்கியில் எப்படி இரண்டு உலகப் போட்டிகள் இருந்தன?

ஒரே வரிசையில் சக்கரங்கள் பொருத்திய ஸ்கேட்டில் ஆடும் இந்த ஆட்டம் ஒன்று, அதற்கு உரிமை கொண்டாடிய சம்மேளனங்கள் இரண்டு, அதுதான் காரணம். ரோலர் விளையாட்டுகளுக்கான சர்வதேசச் சம்மேளனம் 1995-இல் சிகாகோவில் முதல் போட்டியை நடத்தியது. மறு ஆண்டே சர்வதேச ஐஸ் ஹாக்கி சம்மேளனம், அதே அமெரிக்காவில், தன் கடையைத் தனியாக விரித்துவிட்டது! அந்தக் கடையின் கடைசிப் போட்டி 2017-இல் பிராட்டிஸ்லாவாவில் நடந்தது. இப்போது, ரோலர் சம்மேளனத்தின் வழிவந்த வேர்ல்ட் ஸ்கேட் அமைப்பு நடத்துவது மட்டுமே மிச்சம்.

ஐஸ் ஹாக்கியைச் சக்கரத்தில் ஆடுவதுதானே என்று நினைத்துவிட வேண்டாம். பனித்தளத்தில் ஸ்கேட்டைப் பக்கவாட்டில் திருப்பினால் கத்தி பனியைச் சீவிக்கொண்டு சட்டென்று நிற்கும்; ஒரே வரிசையில் ஓடும் சக்கரங்கள் அப்படி எளிதில் நிற்பதில்லை. கோல்காப்பாளர் தவிர அணிக்கு நான்கே பேர். உடலால் மோதித் தள்ளவும் அனுமதியில்லை. அதனால் முரட்டு பலத்தைவிடப் ‘பக்’ எனும் ஆட்டத் தட்டைக் கைவிடாமல் கடத்தும் நிதானமே எடுபடுகிறது.