முறிகண்டியில் ஒன்றுமில்லையா?

அன்புள்ள ஐயா,
வடக்குப் புகையிரதப் பாதை மீண்டும் திறந்ததைக் கொண்டாடிக் கட்டுரை எழுதுவதற்காகக் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கடுகதியில் போனேன். கிளிநொச்சி மாவட்டத்து முறிகண்டியைப் பற்றி எங்கள் வீட்டில் ஓயாமல் பேசுவார்கள். யன்னலால் பார்த்தபோது காடும் சில கூரைகளும் தவிர அங்கே ஒன்றுமில்லை. அந்த ஊரைக் கட்டுரையில் சேர்க்கத்தான் வேண்டுமா? படிக்க நூல்கள் உண்டா?
ஒரு வாசகர், ரொறன்ரோ

அன்புள்ள தம்பி,

முறிகண்டி முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்தது, திருத்திக்கொள்ளுங்கள். நூல்களைப் பிறகு பார்க்கலாம். பழைய லொறிப் பயணங்களைப் பற்றிச் சில நாட்களாக எழுதிக்கொண்டிருக்கும் என்னால், "அங்கே ஒன்றுமில்லை" என்ற உங்கள் சொல்லைத்தான் கடந்துபோக முடியவில்லை.

யாழ்ப்பாணத்துக்குப் போகும் கண்டி வீதியில் எந்த வாகனமும் முறிகண்டிப் பிள்ளையாரிடம் நிற்காமல் போவதில்லை. சாரதி இறங்கிக் கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைப்பார். பயணிகள் திருநீறு பூசிக் கச்சான் வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். பிறர் நிற்பதால் வாழும் ஊர் அது. நிற்காத வண்டியிலிருந்து பார்த்துவிட்டு அதற்குத் தீர்ப்பு எழுதுவது அநியாயம், தம்பி.

1984இல் அப்பாவின் வெங்காய லொறியில் நானும் கொழும்பு போய்த் திரும்பினேன். நள்ளிரவில் முறிகண்டியில் இறங்கினோம். அரிக்கன் லாம்பின் அருகே கச்சான் வறுத்துக்கொண்டிருந்த கடைக்கார அம்மா ஒருவர், சூடான கடதாசிச் சுருளை என் கையில் தந்துவிட்டு, "ஆனையிறவில சோதனை கடுமையாம், விடியப் போங்கோ" என்று அப்பாவிடம் சொன்னார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சாரதிகளிடம் கேட்டதைக் கொழும்பிலிருந்து வந்தவர்களுக்கும், அவர்களிடம் கேட்டதை இவர்களுக்கும் சொல்லி, அந்த வீதியின் நிலவரம் முழுவதையும் தம் அடுப்படியில் வைத்திருந்தவர் அவர். அன்று நாங்கள் லொறிக்குள்ளேயே படுத்து விடிந்தபின் புறப்பட்டோம்.

1905இல் யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் இணைத்த தண்டவாளம் 1990இல் ஓய்ந்தது. வன்னியில் அதன் இரும்பும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்கு குழிகளுக்குப் போயின. 2014இல் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் வண்டி வந்ததைக் கொண்டாடி எழுதுகிறீர்கள், நானும் மகிழ்ந்தவன்தான். ஆனால் போர் முடிந்து வீதி திறந்து, நாமெல்லாம் கோயிலடியில் இறங்கிக் கச்சான் கொறித்துக்கொண்டிருந்த காலத்தில், அந்த வீதிக்குச் சற்று உள்ளே இருக்கும் சாந்தபுரம், இந்துபுரம் மக்கள் தங்கள் காணிகளில் இராணுவம் இருந்ததால் 2012இலும் திரும்ப முடியாமல் காத்திருந்தார்கள். கோயிலையும் கடைகளையும் மட்டும் பார்த்துவிட்டு வாகனம் ஏறிய என்னைப் போன்றவர்களுக்கு அது தெரிய வெகுகாலம் ஆயிற்று. உங்கள் மீது எனக்கு வந்த கோபத்தில் பாதி அந்த வெட்கத்திலிருந்து வந்தது.

அடுத்த முறை பேருந்தில் போங்கள். கோயிலடியில் இறங்கி, கச்சான் விற்பவரிடம் அவருடைய வீடு எந்தப் பக்கம் என்று கேளுங்கள். அவர் காட்டும் பாதையில் உள்ளே நடந்து போய்ப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.