30 கி.மீ. தாண்டினால் சைக்கிளில் உட்கார முடியவில்லை, இடது காலில் வலுவும் குறைவு. சீட்டை மாற்றினால் சரியாகுமா?

வலி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா, ஒரு பக்கம் மட்டும் அதிகமா? அடுத்த முறை ஓட்டும்போது இதை மட்டும் கவனியுங்கள். நான் கவனிக்காமல் விட்டதில் மூன்று சீட்டுக்குக் காசு அழுதேன்.

சென்னையில் ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் ஓட்டுகிறவன் நான். ஞாயிறு விடியற்காலை நாலரைக்குக் கிளம்பி மாமல்லபுரம் போய்த் திரும்பினால் நூறு கி.மீ. ஆகிவிடும். கோவளம் வரைக்கும் ஒன்றும் தெரியாது. அதைத் தாண்டியதும் வலது பக்கம் மட்டும் முள் குத்துவதுபோல ஆரம்பிக்கும். திரும்பும்போது பாதி தூரம் எழுந்து நின்றே மிதிப்பேன். ஒரு கட்டத்தில் அங்கே கட்டியும் வந்துவிட்டது. அம்மா, "சூட்டுக் கட்டிடா, எண்ணெய் தேய்ச்சுக் குளி, இளநீர் குடி" என்றார். குளித்தேன், குடித்தேன். இளநீர் நன்றாக இருந்தது, கட்டிதான் நகரவில்லை.

அது உடம்புச் சூடு இல்லை. வியர்வை ஈரத்தில் தோல் ஊறி, சீட்டில் உரசி உரசி, மயிர்க்கால் வழியாகக் கிருமி உள்ளே போகிற கதை. பேடிங் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போடக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆறு மாதம் போட்டுக்கொண்டுதான் ஓட்டினேன். அதன் தையல் ஒவ்வொரு மிதிக்கும் ஒரே இடத்தை அறுத்துக்கொண்டிருந்தது. அப்புறம், ரைடு முடிந்ததும் ஈர ஷார்ட்ஸோடு டிபன் கடையில் ஒரு மணி நேரம் பொங்கல், வடை, அரட்டை! அதையும் நிறுத்தினேன். இப்போது முதலில் உடை மாற்றம், பிறகுதான் பொங்கல். ஷார்ட்ஸை ஒவ்வொரு முறையும் துவைத்து வெயிலில் காயப் போடுகிறேன், நீண்ட தூரம் என்றால் கிளம்பும் முன் உரசும் இடங்களில் வாசலின் தடவிக்கொள்கிறேன்.

கட்டி இருக்கும்போது வீம்புக்கு ஓட்டாதீர்கள். ஸ்பெயினில் பல நாட்கள் நடக்கும் சைக்கிள் போட்டியான வுவெல்டாவில், 1987-இல் முதலிடத்தில் இருந்த அயர்லாந்து வீரர் ஷான் கெல்லியே, முடிய சில நாட்கள் இருக்கும்போது, இந்தப் பாழாய்ப்போன கட்டியால் போட்டியை விட்டு இறங்கினார். காய்ச்சல் வந்தாலோ, திரும்பத் திரும்ப அதே இடத்தில் வந்தாலோ டாக்டரிடம் போங்கள். தொடை இடுக்கு மரத்துப்போவதும் அப்படித்தான், பழகிவிடும் என்று விடக் கூடாது.

சரி, சீட். முதலில் மெத்து மெத்தென்ற ஜெல் சீட்டைத் தலையில் கட்டினார்கள். பத்து கி.மீ.க்கு சொர்க்கம். அதற்கு மேல் எலும்பு உள்ளே புதைந்து, நடுவில் இருக்கும் மென்மையான சதைதான் எடையைத் தாங்குகிறது. நாம் உட்கார வேண்டியது இடுப்பின் அடியில் இருக்கும் இரண்டு எலும்பு முனைகள்மேல். அவற்றுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று வீட்டிலேயே அளக்கலாம். மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியில் ஒரு துண்டை வெட்டி, மாடிப்படியில் போட்டு, முழங்காலைத் தூக்கி முன்னால் குனிந்து அழுத்தி உட்கார்ந்தேன். எழுந்து சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்ததும் மேடெல்லாம் வெள்ளையாகி, இரண்டு குழிகள் மட்டும் பழுப்பாகவே நின்றன. நடுவுக்கு நடு 118 மி.மீ. அதற்கேற்ப 143 மி.மீ. அகலத்தில் கொஞ்சம் கெட்டியான சீட் வாங்கினேன். பாதி வலி போனது. ஆனால் வலது பக்கம் குத்துவது மட்டும் அப்படியே.

துப்பு கிடைத்தது பழைய சீட்டில். அதன் வலது ஓரம் மட்டும் வழவழவென்று தேய்ந்து தையல் விட்டிருந்தது; இடது பக்கம் புதுசு மாதிரி இருந்தது. சில வருடங்களுக்கு முன் பைக் விபத்தில் இடது கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டிருந்தேன். எப்போதோ ஆறிவிட்டது என்றுதான் நினைப்பு. இன்ச் டேப்பை எடுத்து முழங்கால் சில்லுக்குப் பதினைந்து செ.மீ. மேலே இரண்டு தொடையையும் சுற்றி அளந்தால், இடது தொடை இரண்டரை செ.மீ. குறைச்சல். பிசியோதெரபிஸ்ட் படுக்கவைத்துக் காலின் நீளத்தையும் அளந்தார். நீளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, தசைதான் மெலிந்திருக்கிறது என்றார். வலது கால் வேலையை இழுத்துப் போட்டுச் செய்ய, இடுப்பும் அந்தப் பக்கமே சரிந்து உட்கார்ந்திருக்கிறது.

பெல்ஜியத்தின் சைக்கிள் ஜாம்பவான் எடி மெர்க்ஸுக்கே இந்தத் தொல்லை இருந்தது. 1969 செப்டம்பரில், தன் முதல் டூர் டி பிரான்ஸ் போட்டியை வென்ற கையோடு, பிரான்ஸின் ப்ளுவா நகரத்து சைக்கிள் டிராக்கில் விழுந்து இடுப்பு கோணிக்கொண்டது. அதன் பிறகு போட்டி நடக்கும்போதே சீட் உயரத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பாராம்.

ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும் என்று நானும் நம்பினேன். ஆகாது. இரண்டு பெடலும் ஒரே அச்சில் இணைந்திருக்கின்றன. பலமான கால் அழுத்தும்போது பலவீனமான கால் சும்மா சவாரி செய்துகொண்டு மேலே வந்துவிடும். அதனால் சைக்கிளை விட்டு இறங்கித்தான் வேலை செய்ய வேண்டியிருந்தது. மாடிப்படியில் ஒற்றைக் காலால் ஏறி இறங்குவது, பின்காலைச் சோபாவில் வைத்து முன்காலில் உட்கார்ந்து எழுவது, இவை இரண்டுதான், வாரம் மூன்று நாள். எப்போதும் இடது காலில் ஆரம்பிப்பேன், அது எட்டு தடவை செய்தால் வலதுக்கும் எட்டுதான். வலது காலுக்கு அது போதாது, இருந்தாலும் அதற்கு மேல் கிடையாது. டிரெய்னர் (சைக்கிளை மாட்டி நின்ற இடத்திலேயே மிதிக்கும் ஸ்டாண்ட்) உள்ள நண்பர் வீட்டில் ஒற்றைக் கால் பெடலும் செய்தேன். வலதில் சத்தமே இல்லை. இடதில் ஒவ்வொரு சுற்றின் உச்சியிலும் செயின் தளர்ந்து 'டக்'கென்று அடிக்கும்.

கூடவே சீட்டை 8 மி.மீ. இறக்கினேன். குதிகாலைப் பெடலில் வைத்து அடியில் கொண்டுவந்தால் முழங்கால் நேராக வேண்டும். எனக்கு இடது குதிகால் எட்டவே இல்லை. அவ்வளவு உயரத்தில் வைத்துக்கொண்டு இடுப்பை ஆட்டி ஆட்டி ஓட்டியிருக்கிறேன். செலவே இல்லாத இந்த மாற்றம்தான் முதலில் பலன் தந்தது, நீங்களும் இதிலிருந்தே ஆரம்பியுங்கள்.

நான்கு மாதத்தில் தொடை வித்தியாசம் ஒரு செ.மீ.க்கு வந்தது. 'டக்' சத்தம் களைத்துப்போனால் மட்டும் கேட்கிறது. கால் வித்தியாசத்தை அளக்கப் பவர் மீட்டர் (மிதிக்கும் வலுவை அளக்கும் கருவி) வாங்கச் சொல்வார்கள். ஒரு கால் 48, மறு கால் 52 சதவீதம் என்று காட்டினால் அது சாதாரணம்தான். ஒரு பக்கம் மட்டும் அளந்து இரண்டால் பெருக்கும் மலிவான மாடல் உங்களுக்கு எதற்கும் உதவாது. இன்ச் டேப் போதும்.